வீட்டு கம்ப்யூட்டர்ல வைரஸா? அது எந்த வழியா உள்ள வந்துச்சுன்னு முதல்ல பாருங்க

சிஸ்டம்ல வைரஸ் இருக்குன்னு தோணினதும் நம்மாளுங்க பண்ற முதல் வேலை கூகுள்ல "ஃப்ரீ வைரஸ் ரிமூவர்"னு அடிச்சு மேல வர்ற எதையாச்சும் இறக்கி ஓட்டுறதுதான், அதுல பல சமயம் மேல வர்றதே விளம்பரம், அந்த விளம்பரத்தோட ரெண்டாவது வைரஸும் வந்து சேரும். இன்னொரு கூட்டம் எடுத்தவுடனே "ஃபார்மட் போட்ரு"ன்னு சொல்ற கூட்டம். ரெண்டுமே எனக்கு சரியா படல. ஏன்னா நாம பொதுவா வைரஸ்னு சொல்றது ஒரே சாமான் கிடையாது. சிலது பிரவுசர் செட்டிங்ஸ்ல ரெண்டு நிமிஷத்துல சரியாகிடும், சிலதுக்கு ஒழுங்கா ஸ்கேன் போட்டா போதும், சிலதுல ஸ்கேன் க்ளீன்னு காட்டினாலும் உங்க மெயிலும் பேஸ்புக்கும் டெலிகிராமும் ஏற்கனவே எவன் கையிலயோ போயிருக்கும். உங்களோடது எந்த ரகம்னு தெரியணும்னா ஒரு கேள்வி கேட்டா போதும்: கடைசியா இந்த மெஷின்ல என்ன இறக்கினீங்க, எதை சொருகினீங்க, எதுக்கு "எஸ்" குடுத்தீங்க? வீட்ல பசங்க இருந்தா அவங்கள திட்டாம கேளுங்க. திட்டினா உண்மை வராது, உண்மை வரலைன்னா இல்லாத நோய்க்கு வைத்தியம் பாத்துட்டு உக்காந்திருப்போம்.

நான் சொல்றது விண்டோஸ் 10, 11 ஓடுற வீட்டு மெஷினுக்கு. ஆபீஸ் லேப்டாப்னா கையே வைக்காதீங்க, ஐடி டீமுக்கு போன் போடுங்க.

எந்த ரகமா இருந்தாலும் முதல்ல நெட்டை கட் பண்ணுங்க, வைஃபையை ஆஃப் பண்ணுங்க, லேன் ஒயர் இருந்தா புடுங்குங்க. சொருகியிருக்கற பென்டிரைவ், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எல்லாத்தையும் எடுத்துடுங்க, முக்கியமா பேக்கப் வச்சிருக்கற டிஸ்க்கை. அந்த மெஷின்ல இனிமே பேங்க் சைட், ஜிமெயில் எதுலயும் லாகின் பண்ணாதீங்க, தேட வேண்டியதை எல்லாம் போன்ல தேடுங்க. கண்ணு முன்னாடியே ஃபைல் பேரெல்லாம் மாறிட்டே வருது, போட்டோ எதுவும் திறக்க மாட்டேங்குதுன்னா யோசிக்காம பவர் பட்டனை அழுத்திப் புடிச்சு ஆஃப் பண்ணிடுங்க, அது ரான்சம்வேர் (ஃபைலை பூட்டிட்டு காசு கேக்கற ரகம்), அதுக்கு கீழ தனியா வர்றேன்.

முதல்ல வைரஸே இல்லாத வைரஸ்

நிறைய பேர் வைரஸ்னு நினைச்சு பயப்படறது வெறும் பிரவுசர் நோட்டிஃபிகேஷன். வலது பக்கம் கீழ் மூலைல "உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ் இருக்கு", "உங்க ஆன்டிவைரஸ் இன்னைக்கு எக்ஸ்பயர் ஆகுது"ன்னு நிமிஷத்துக்கு ஒண்ணு வரும், சிவப்பு கலர் லோகோ எல்லாம் போட்டு நிஜம் மாதிரியே இருக்கும். உத்துப் பாருங்க, அந்த பெட்டியிலயே பொடி எழுத்துல கூகுள் குரோம்னும் ஏதோ வாயில நுழையாத ஒரு சைட் பேரும் இருக்கும். எப்பவோ படம் இறக்கற சைட்லயோ கிரிக்கெட் லைவ் சைட்லயோ "அலவ்" குடுத்ததோட பலன் அது. குரோம்ல செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதுக்குள்ள சைட் செட்டிங்ஸ், அதுக்குள்ள நோட்டிஃபிகேஷன்ஸ், அங்க அலவ் லிஸ்ட்ல தெரியாத சைட் எல்லாத்தையும் ரிமூவ் பண்ணிட்டு, எந்த சைட்டும் கேக்கவே கூடாதுங்கற ஆப்ஷனையும் போட்டு விட்டுடுங்க. முடிஞ்சுது.

அதுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான், ஸ்கிரீன் முழுக்க நீல கலர், சைரன் சத்தம், நடுவுல மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்னு ஒரு போன் நம்பர். மைக்ரோசாஃப்ட் தன்னோட எரர் மெசேஜ்ல போன் நம்பர் போடறதே கிடையாது, அதனால நம்பர் இருந்தாலே பொய்னு முடிவு பண்ணிக்கலாம். எஸ்கேப் கீயை கொஞ்ச நேரம் அழுத்திப் புடிங்க, போகலைன்னா கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜர்ல பிரவுசரை எண்ட் டாஸ்க் பண்ணுங்க, திரும்ப திறக்கும்போது பழைய பேஜ் எல்லாம் ரீஸ்டோர் பண்ணவான்னு கேக்கும், வேண்டாம்னு சொல்லிடுங்க. ஆனா ஏற்கனவே அந்த நம்பருக்கு போன் பண்ணி, அவன் சொன்னான்னு எனிடெஸ்க்கோ டீம்வியூவரோ போட்டு அவனை உள்ள விட்டிருந்தீங்கன்னா கதை வேற, அது கீழ சொல்ற கிராக் (காசு குடுக்காம ஓட்டற திருட்டு சாஃப்ட்வேர்) கேஸ் மாதிரியே முழுசா பாக்கணும்.

ஹோம் பேஜ் மாறிடுச்சு, கூகுள்ல தேடினா வேற எங்கயோ போகுது, இது எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசர்ல சேக்கற குட்டி புரோகிராமோட வேலை. தேவைப்படாத எக்ஸ்டென்ஷன் எல்லாத்தையும் தூக்குங்க, பிடிஎஃப் கன்வெர்ட்டர், கூப்பன், வீடியோ டவுன்லோடர்னு பேர் வச்சதுங்கதான் பெரும்பாலும் குற்றவாளி. தூக்க முடியல, ரிமூவ் பட்டனே வேலை செய்யல, குரோம் மெனு கடைசில "உங்க நிறுவனம் நிர்வகிக்குது"ங்கற அர்த்தத்துல ஒரு வரி வேற இருக்குன்னா, வீட்டு கம்ப்யூட்டர்ல எந்த நிறுவனம்? சில ஆன்டிவைரஸ் போட்டாலும் அந்த வரி வரும், அதனால பதற வேண்டாம். அப்படி எதுவும் போடலைன்னா வெளியிலிருந்து ஒரு புரோகிராம் ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன் செட்டிங்ஸை வைக்கற இடம்) பாலிசி எழுதி அந்த எக்ஸ்டென்ஷனை பூட்டி வச்சிருக்கு. இதுக்கு ஆட்வ்க்ளீனர்னு ஒரு சின்ன டூல் இருக்கு, மால்வேர்பைட்ஸ் கம்பெனியோடது, இன்ஸ்டால்கூட பண்ண வேண்டாம், ஓட்டினா இந்த மாதிரி விளம்பர குப்பையை நல்லா அள்ளிடும். அப்புறம் கண்ட்ரோல் பேனல்ல இன்ஸ்டால் ஆன புரோகிராம் லிஸ்டை தேதி வாரியா வரிசைப்படுத்திப் பாருங்க, பிரச்சனை ஆரம்பிச்ச அதே நாள்ல எது வந்திருக்கோ அதான் ஆளு.

ஜெராக்ஸ் கடை பென்டிரைவ்

ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கப் போய் வீட்டுக்கு வைரஸ் கொண்டு வர்றது நம்ம ஊர்ல ரொம்ப பழைய வழக்கம். பென்டிரைவை திறந்தா ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறியிருக்கும், இல்ல உள்ள பென்டிரைவ் பேர்லயே ஒரே ஒரு ஷார்ட்கட் மட்டும் இருக்கும். அய்யோ ஃபைல் எல்லாம் போச்சுன்னு ஃபார்மட் போட்டுடாதீங்க, ஃபைல் எங்கயும் போகல. வைரஸ் உங்க ஃபோல்டரை ஹிட்டன்னும் சிஸ்டம் ஃபைல்னும் மார்க் பண்ணி கண்ணுல படாம மறைச்சுட்டு, அதே பேர்ல ஷார்ட்கட் வச்சிருக்கு, நீங்க அதை டபுள் க்ளிக் பண்ணா முதல்ல வைரஸ் ஓடும், அப்புறம்தான் உங்க ஃபோல்டர் திறக்கும், ஃபோல்டர் திறந்துட்டதால உங்களுக்கு சந்தேகமே வராது. முன்னெல்லாம் பென்டிரைவை சொருகினாலே ஆட்டோரன் மூலமா தானா ஓடும், 2008ல வந்த கான்ஃபிக்கர் அந்த வழியிலயும் பரவினதுதான். 2011ல மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்லயும் அதை அப்டேட் மூலமா நிறுத்தினதுக்கப்புறம், நம்ம கையாலயே க்ளிக் பண்ண வைக்கிற இந்த ஷார்ட்கட் தந்திரம் நிலைச்சுடுச்சு.

இதுல எல்லாரும் கோட்டை விடற இடம் வரிசை. பென்டிரைவை மட்டும் சுத்தம் பண்ணிட்டு திரும்ப சொருகினா அடுத்த செகண்டே திரும்ப ஷார்ட்கட் ஆகும், ஏன்னா வைரஸ் இப்ப கம்ப்யூட்டர்ல உக்காந்துட்டு எந்த பென்டிரைவ் வருதுன்னு பாத்துட்டே இருக்கு. அதனால முதல்ல கம்ப்யூட்டர், அப்புறம்தான் பென்டிரைவ். டாஸ்க் மேனேஜர்ல டபிள்யூஸ்கிரிப்ட்னு ஒண்ணு ஓடிட்டு இருந்தா பெரும்பாலும் அதுதான், எண்ட் டாஸ்க் குடுங்க, அதுக்கப்புறம் கீழ சொல்ற ஸ்கேன் வரிசையை முழுசா பண்ணுங்க. கம்ப்யூட்டர் சரியானதும் பென்டிரைவை சொருகி, எதையும் டபுள் க்ளிக் பண்ணாம, ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஆப்ஷன்ஸ்ல வியூ டேப் போய் ஹிட்டன் ஃபைல்களை காட்டுங்கற ஆப்ஷனை ஆன் பண்ணி, கூடவே பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறைங்கற டிக்கையும் எடுத்துடுங்க, வார்னிங் வரும், எஸ் குடுங்க. இப்ப மங்கலான கலர்ல உங்க ஃபோல்டர் எல்லாம் தெரியும், சில ரகத்துல பேரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள்ள மொத்தமா இருக்கும். உள்ள போய் போட்டோ, டாக்குமெண்ட் மட்டும் காப்பி பண்ணி கம்ப்யூட்டர்ல புதுசா ஒரு ஃபோல்டர் போட்டு அதுல வைங்க. ஸ்கிரிப்ட் ஃபைல், ஷார்ட்கட், நீங்க வைக்காத எந்த எக்ஸிஇ (புரோகிராம்) ஃபைலும் கூட வரக்கூடாது. அப்புறம் பென்டிரைவை தாராளமா ஃபார்மட் போடுங்க, எக்ஸ்ப்ளோரர் ஆப்ஷனையும் பழையபடி மாத்திடுங்க, முக்கியமா சிஸ்டம் ஃபைல் டிக்கை, இல்லைன்னா வீட்ல யாராச்சும் தேவையில்லாத ஃபைல்னு நினைச்சு விண்டோஸ் ஃபைலையே அழிச்சு வைப்பாங்க.

பிரிண்ட்டுக்குன்னு ஒரு பழைய பென்டிரைவை தனியா வச்சுக்கோங்க, அதுல வேற ஒண்ணும் வைக்காதீங்க, வீட்டுக்கு வந்ததும் எதையும் திறக்காம ஃபார்மட். கடைக்காரர் நம்பருக்கு பிடிஎஃப் அனுப்பிட்டாலும் நல்லதுதான், ஆனா அவர் சிஸ்டத்துல உங்க வாட்ஸ்அப்பையோ ஜிமெயிலையோ லாகின் பண்ணி டவுன்லோட் பண்ற பழக்கம் மட்டும் வேண்டாம்.

கிராக், ஆக்டிவேட்டர், "நான் ரோபோ இல்லை"

இதுதான் இப்ப பெரிய தலைவலி, இதைத்தான் கொஞ்சம் நீளமா சொல்லணும்.

போட்டோஷாப் கிராக், ஆபீஸ் ஆக்டிவேட்டர், கேம் சீட், பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல், "இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடுங்க"ன்னு யூடியூப் டிஸ்கிரிப்ஷன்ல ஒரு வரி, இதுல எதுவாச்சும் உங்க வீட்டுக் கதையில இருந்தா உள்ள வந்தது இன்ஃபோஸ்டீலர்னு வச்சுக்கிட்டே வேலையை ஆரம்பிங்க. 2024ல இருந்து இன்னொரு வழியும் பரவிடுச்சு, ஏதோ ஒரு சைட்ல நான் ரோபோ இல்லைன்னு நிரூபிக்க விண்டோஸ் கீயையும் "ஆர்" எழுத்தையும் சேர்த்து அழுத்துங்க, அப்புறம் கண்ட்ரோல் வி, அப்புறம் எண்டர்னு சொல்லும். அந்த சைட் உங்களுக்கே தெரியாம ஒரு கமாண்டை க்ளிப்போர்டுல காப்பி பண்ணி வச்சிருக்கும், நீங்களே உங்க கையால அதை ஓட்டி விடறீங்க. எந்த உண்மையான கேப்சாவும் கீபோர்டுல இந்த மாதிரி வேலை வாங்காது.

ஸ்டீலர் என்ன பண்ணும்னா, பிரவுசர்ல சேவ் பண்ண பாஸ்வேர்டு, கார்டு நம்பர், ஆட்டோஃபில் விவரம், குக்கீஸ் (நீங்க லாகின் ஆனதை பிரவுசர் ஞாபகம் வச்சிருக்கற ஃபைல்), டெலிகிராம் டெஸ்க்டாப்போட செஷன் ஃபைல், கிரிப்டோ வாலட், டெஸ்க்டாப்ல "பாஸ்வேர்டு"ன்னு பேர் வச்சு நீங்க சேமிச்ச நோட்பேட் ஃபைல் வரைக்கும் மொத்தமா சுருட்டி அனுப்பிடும். இதுக்கு ஒண்ணும் மணிக்கணக்கா ஆகாது, கொஞ்ச நேரத்துல முடிஞ்சுடும், சிலது வேலை முடிஞ்சதும் தன்னைத்தானே அழிச்சுட்டுப் போயிடும். அப்ப நீங்க மறுநாள் ஸ்கேன் போட்டா என்ன காட்டும்? க்ளீன். நீங்களும் நிம்மதியா தூங்குவீங்க. 2025 மே மாசம் லூம்மாங்கற ஒரே ஒரு ஸ்டீலரோட சர்வர் டொமைன் சுமார் 2,300 முடக்கினப்ப, அதுக்கு முந்தின ரெண்டு மாசத்துல மட்டும் 3,94,000 விண்டோஸ் மெஷின்ல அது இருந்ததா மைக்ரோசாஃப்ட் சொல்லுச்சு. அதுக்கு முன்னாடி 2024 அக்டோபர்ல ரெட்லைன்னு இன்னொண்ணை பல நாட்டு போலீஸ் சேர்ந்து முடக்கினாங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு வந்துட்டேதான் இருக்கு.

அதனால கிராக் கேஸ்ல ஸ்கேனை விட முந்தி அக்கவுண்ட்ஸ். அதுவும் அந்த கம்ப்யூட்டர்ல இருந்து இல்ல, போன்ல இருந்து, வீட்டு வைஃபைல சந்தேகம் இருந்தா மொபைல் டேட்டால. மெயில்தான் முதல், ஏன்னா மத்த எல்லா அக்கவுண்டோட ரீசெட் லிங்கும் அங்கதான் வரும். ஜிமெயில் பாஸ்வேர்டை மாத்துங்க, மாத்தினா போதாது, கூகுள் அக்கவுண்ட்ல செக்யூரிட்டி பக்கத்துக்குள்ள உங்க டிவைஸ் லிஸ்ட் இருக்கும், அதுல அந்த கம்ப்யூட்டரையும் தெரியாத எல்லாத்தையும் சைன் அவுட் பண்ணுங்க. குக்கீயை எடுத்துட்டுப் போனவனுக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், அவன் ஏற்கனவே லாகின் ஆன நிலையிலயே உள்ள வருவான். வெளிக்கதவு பூட்டை மட்டும் மாத்திட்டு உள்ள உக்காந்திருக்கறவனை அப்படியே விட்ட மாதிரிதான் ஆகும், சைன் அவுட் பண்ணாம பாஸ்வேர்டை மாத்தினா. ரிக்கவரி போன் நம்பர், ரிக்கவரி மெயில் உங்களோடதுதானான்னு பாருங்க, ஜிமெயில் செட்டிங்ஸ்ல ஃபார்வர்டிங், ஃபில்டர் ரெண்டையும் பாருங்க, பேங்க் மெயில் எல்லாத்தையும் நேரா ட்ராஷுக்கு அனுப்பற ஒரு ஃபில்டரை அவன் வச்சுட்டுப் போயிருந்தா உங்களுக்கு எந்த அலர்ட்டும் கண்ணுல படாது. (இந்த ஃபார்வர்டிங், ஃபில்டர் போன் ஆப்ல வராது, போன் பிரவுசர்ல டெஸ்க்டாப் சைட் ஆப்ஷன் போட்டு பாக்கணும், இல்ல வேற நல்ல கம்ப்யூட்டர்ல.)

அப்புறம் டெலிகிராம்ல டிவைசஸ் போய் மத்த எல்லா செஷனையும் டெர்மினேட், வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸ்ல எல்லாத்தையும் லாக் அவுட், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், எல்லாத்துலயும் பாஸ்வேர்டு மாத்தி செஷன் லாக் அவுட். நெட் பேங்கிங் பாஸ்வேர்டை மாத்துங்க, குரோம்ல கார்டு சேவ் பண்ணியிருந்தா அந்த கார்டை பேங்க் ஆப்லயே பிளாக் பண்ணிட்டு புது கார்டு கேளுங்க, கூச்சப்படாதீங்க. இன்கம்டாக்ஸ், பிஎஃப், டிஜிலாக்கர் இதெல்லாம் யாரும் நினைச்சுப் பாக்க மாட்டாங்க, அதோட பாஸ்வேர்டும் பிரவுசர்லதான் சேவ் ஆகியிருக்கும். பணம் ஏற்கனவே போயிருந்தா இதையெல்லாம் தள்ளி வச்சுட்டு உடனே 1930க்கு போன் பண்ணுங்க, பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுக்கு தாண்டறதுக்குள்ள சொன்னாதான் நிறுத்தி வைக்க வாய்ப்பு, தேசிய சைபர் கிரைம் போர்டல்லயும் புகார் போடலாம்.

இந்த ரகத்துக்கு என்னோட அபிப்ராயம் ஸ்கேன் பண்ணி காப்பாத்தறது இல்ல, ரீஇன்ஸ்டால்தான். ஸ்டீலர் கூட வேற என்னென்ன வந்துச்சுன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா மெஷின்ல முக்கியமா எதுவும் லாகின் பண்ணலை, பசங்க கேம் மட்டும்தான் ஆடுவாங்கன்னா ஸ்கேனோட நிறுத்திக்கறது உங்க இஷ்டம்.

ஸ்கேன் போடற வரிசை

முதல் வேலை ஸ்கேன் இல்ல, எக்ஸ்க்ளூஷன். ஸ்டார்ட்ல விண்டோஸ் செக்யூரிட்டின்னு தேடி திறங்க, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், அதுல மேனேஜ் செட்டிங்ஸ், கீழ வரைக்கும் போனா எக்ஸ்க்ளூஷன்ஸ்னு இருக்கும். இந்த இடத்தை எல்லாம் பாக்காதேன்னு டிஃபெண்டருக்கு (விண்டோஸ் கூடவே வர்ற ஆன்டிவைரஸ்) சொல்ற லிஸ்ட் அது. நிறைய மால்வேர் உள்ள வந்ததும் முதல்ல பண்றதே தன் ஃபோல்டரை இதுல சேக்கறதுதான், சில மெஷின்ல சி டிரைவ் மொத்தமுமே இதுல கிடக்கும், அப்புறம் டிஃபெண்டர் எத்தனை தடவை ஓடினாலும் ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்லும். நீங்க சேக்காத எல்லாத்தையும் ரிமூவ் பண்ணுங்க. அதே பக்கத்துல ரியல்டைம் புரொடெக்‌ஷன், டேம்பர் புரொடெக்‌ஷன் ரெண்டும் ஆன்ல இருக்கான்னு பாருங்க. ஆன் பண்ணவே விடலைன்னா அதுவே பெரிய தகவல், நேரா ரீஇன்ஸ்டால் பகுதிக்கு போங்க.

அடுத்து நெட்டை கொஞ்ச நேரம் மட்டும் ஆன் பண்ணி டிஃபெண்டரை அப்டேட் பண்ணிட்டு ஃபுல் ஸ்கேன் போடுங்க, பழைய ஹார்ட் டிஸ்க்னா மணிக்கணக்கா ஓடும், ராத்திரி போட்டு விட்டுடுங்க. அது முடிஞ்சதும் ஸ்கேன் ஆப்ஷன்ஸ்ல ஆஃப்லைன் ஸ்கேன்னு ஒண்ணு இருக்கு, அதை அவசியம் போடுங்க. மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே கால் மணி நேரம் மாதிரி ஸ்கேன் ஓடும், விண்டோஸே ஓடாததால வைரஸும் ஓடாது, ஒளிஞ்சுக்கவும் எதிர்க்கவும் முடியாது. ஒரு விஷயம், இந்த மாதிரி ரீஸ்டார்ட், சேஃப் மோட் எல்லாம் போறப்ப சில லேப்டாப் பிட்லாக்கர் (டிஸ்க்கை பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) கீ கேக்கும், 48 இலக்கம், அப்ப முழிக்காம இருக்க முன்னாடியே போன்ல உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் அந்த கீயை எடுத்து பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க.

ரெண்டாவது ஆளோட கருத்துக்கு மால்வேர்பைட்ஸ் ஃப்ரீ வெர்ஷன், இல்ல ஈசெட் ஆன்லைன் ஸ்கேனர், இல்ல மைக்ரோசாஃப்டோடதே சேஃப்டி ஸ்கேனர் (இது இறக்கின 10 நாளுக்குத்தான் வேலை செய்யும், அப்புறம் புதுசா இறக்கணும்). ஏதாவது ஒண்ணு போதும், கம்பெனி சைட்ல இருந்து மட்டும் இறக்குங்க. இந்திய அரசோட சைபர் ஸ்வச்தா கேந்திராவும் 2017ல இருந்து இலவச டூல் குடுக்குது. ரெண்டு ஆன்டிவைரஸை நிரந்தரமா இன்ஸ்டால் பண்ணி ஒரே நேரத்துல ஓட விடாதீங்க, ரெண்டும் சண்டை போட்டு மெஷின் நகராது, அப்புறம் அதையும் வைரஸ்னு நினைப்பீங்க.

இதுக்கப்புறமும் ஏதோ ஒட்டிட்டு இருக்கு, லாகின் ஆனதும் ஒரு கருப்பு ஜன்னல் மின்னி மறையுதுன்னா ஆட்டோரன்ஸ். மைக்ரோசாஃப்டோட சிஸ்இண்டர்னல்ஸ் டூல், ஃப்ரீ. விண்டோஸ் எழும்போது தானா ஓடற எல்லாத்தையும், டாஸ்க் ஷெட்யூலர் உள்பட, ஒரே லிஸ்ட்ல காட்டும். ஆப்ஷன்ஸ்ல மைக்ரோசாஃப்ட் என்ட்ரி எல்லாத்தையும் மறைச்சுட்டு, வைரஸ்டோட்டல் செக்கையும் ஆன் பண்ணுங்க, பல கம்பெனி ஆன்டிவைரஸ் அந்த ஃபைலைப் பத்தி என்ன சொல்லுதுன்னு பக்கத்துலயே நம்பரா வரும். ஆப்டேட்டா, டெம்ப், புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள்ள இருந்து, பேரே புரியாம, கம்பெனியோட டிஜிட்டல் கையெழுத்து சரிபார்க்கப்படலைன்னு ஒண்ணு ஓடுதுன்னா சந்தேகப்படலாம். உடனே டெலீட் பண்ணாதீங்க, டிக்கை மட்டும் எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணி பாருங்க, எதுவும் உடையலைன்னா அப்புறம் டெலீட் பண்ணிக்கலாம். மைனர் (உங்க மெஷினை வச்சு கள்ளத்தனமா கிரிப்டோ காசு சம்பாதிக்கற வைரஸ்) இருக்கற மெஷினை அடையாளம் காண்றது ஒரு தமாஷ், சும்மா இருக்கும்போது ஃபேன் கத்திட்டு இருக்கும், டாஸ்க் மேனேஜரை திறந்ததும் சில மைனர் வேலையை நிறுத்திடும், ஃபேனும் அடங்கிடும், மூடினா திரும்ப கத்தும்.

கடைசியா மூணு இடம், செட்டிங்ஸ்ல நெட்வொர்க் பகுதியில ப்ராக்ஸி (நெட்டை வேற சர்வர் வழியா திருப்பி விடறது, நீங்க போடலைன்னா ஆஃப்ல இருக்கணும்), டிஎன்எஸ் செட்டிங் (சைட் பேருக்கு முகவரி கண்டுபிடிக்கறது), அப்புறம் சி டிரைவ்ல விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி ஃபோல்டருக்குள்ள ஹோஸ்ட்ஸ்னு ஒரு ஃபைல். நோட்பேட்ல திறந்து பாருங்க, ஆன்டிவைரஸ் கம்பெனி சைட் பேரெல்லாம் வரிசையா எழுதியிருந்தா அந்த சைட் எதுவும் திறக்க முடியாதபடி வைரஸ் மறிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம், அந்த வரிகளை அழிச்சு சேவ் பண்ணுங்க, நோட்பேடை அட்மினா திறந்தாதான் சேவ் ஆகும்.

ஃபைல் எல்லாம் பூட்டிட்டா

போட்டோ பேருக்குப் பின்னாடி நாலெழுத்துல ஏதோ ஒட்டியிருக்கு, ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு ரீட்மீ ஃபைல், அதுல 980 டாலர் குடு, 72 மணி நேரத்துக்குள்ள குடுத்தா பாதி விலைன்னு தள்ளுபடி வேற. வீட்டு மெஷின்ல இது பெரும்பாலும் ஸ்டாப், டிஜேவியூன்னு சொல்ற குடும்பம், கிராக் மூலமாத்தான் வரும், ஸ்டீலரையும் கூட்டிட்டு வரும், அதனால மேல சொன்ன அக்கவுண்ட் வேலை எல்லாம் இங்கயும் உண்டு. காசு குடுக்காதீங்க, குடுத்தா சாவி வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. பூட்டின ஃபைலையும் ரீட்மீயையும் அழிக்காம அப்படியே ஒரு தனி டிஸ்க்ல காப்பி எடுத்து வைங்க. நோ மோர் ரான்சம்னு 2016ல ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் டச்சு போலீஸும் ஆன்டிவைரஸ் கம்பெனிங்களும் சேர்ந்து ஆரம்பிச்ச சைட் இருக்கு, ஒரு ஃபைலை அப்லோட் பண்ணா எந்த ரகம், திறக்க டூல் இருக்கான்னு சொல்லும். இன்னைக்கு இல்லைன்னாலும் பின்னாடி வரலாம், அதுக்குத்தான் காப்பி. இந்த டிஜேவியூ ஒவ்வொரு ஃபைல்லயும் முதல் 150 கேபி மாதிரிதான் பூட்டும், அதனால போட்டோ போனாலும் பெரிய கல்யாண வீடியோ மாதிரி சிலதை வீடியோ ரிப்பேர் டூல் வச்சு மீட்க முடியும். அதைத் தவிர "100 சதவீதம் டிக்ரிப்ட் பண்ணித் தர்றோம்"னு வர்ற யூடியூப் கமெண்ட் ஆளுங்களை நம்பாதீங்க.

ரீஇன்ஸ்டால் பண்றதுன்னு முடிவு பண்ணிட்டா

கடையில குடுக்கறவங்க ஒண்ணு கேட்டுக்கோங்க, எந்த விண்டோஸ் போடுவீங்க, எப்படி ஆக்டிவேட் பண்ணுவீங்கன்னு. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்"னா வேண்டாம், ஆக்டிவேட்டர் போட்டுத்தான் தருவாங்க, எந்த வழியா வைரஸ் வந்துச்சோ அதே வழியை திறந்து வச்சு அனுப்பற வேலை அது. விண்டோஸோட வாங்கின லேப்டாப்னா லைசன்ஸ் மதர்போர்டுலயே இருக்கும், அதே எடிஷனை போட்டு நெட் குடுத்தா தானா ஆக்டிவேட் ஆகிடும், யாருக்கும் காசு குடுக்க வேண்டாம்.

நீங்களே பண்ணணும்னா வேற ஒரு நல்ல கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்து மீடியா கிரியேஷன் டூல் இறக்கி, அதை வச்சு 8 ஜிபி பென்டிரைவ்ல விண்டோஸ் செட்டப்பை போட்டுக்கோங்க. செட்டிங்ஸ்ல இருக்கற ரீசெட் ஆப்ஷனும் பரவாயில்ல, அதுல க்ளவுட் டவுன்லோடும் ரிமூவ் எவ்ரிதிங்கும் எடுங்க, 4 ஜிபி டேட்டா போகும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 ஓட வழக்கமான அப்டேட் நின்னு போச்சு, மெஷின் தாங்கும்னா இந்த சாக்குலயே 11 போட்டுடுங்க.

பேக்கப் எடுக்கும்போது போட்டோ, வீடியோ, டாக்குமெண்ட், பிடிஎஃப் மட்டும். செட்டப் ஃபைல், ஜிப், போர்ட்டபிள் சாஃப்ட்வேர் எதுவும் கூடாது, ராம்னிட் மாதிரி சில பழைய வைரஸ் மெஷின்ல இருக்கற எக்ஸிஇ, டிஎல்எல், எச்டிஎம்எல் ஃபைல் எல்லாத்துக்குள்ளயும் தன்னை ஒட்டிக்கும். அப்புறம் நம்ம வீட்டு மெஷின் எல்லாத்துலயும் டி டிரைவ்ல "சாஃப்ட்வேர்"னு ஒரு ஃபோல்டர் இருக்கும், பத்து வருஷமா சேத்து வச்ச கிராக், கீஜென், ஆபீஸ் 2007னு எல்லாம் அதுல இருக்கும். சி டிரைவை மட்டும் ஃபார்மட் பண்ணிட்டு மறுநாளே அந்த ஃபோல்டர்ல இருந்து எடுத்து இன்ஸ்டால் பண்றதாலதான் ஃபார்மட் போட்டும் வைரஸ் போகலன்னு புலம்பறாங்க. அந்த ஃபோல்டரை மனச தேத்திக்கிட்டு அழிங்க, முடிஞ்சா இன்ஸ்டால் ஸ்கிரீன்லயே எல்லா பார்ட்டிஷனையும் டெலீட் பண்ணிட்டு ஆரம்பிங்க (பேக்கப் டிஸ்க் அப்ப சொருகியிருக்கக் கூடாது, தப்பா அதையே டெலீட் பண்ணிட்டா அழுதாலும் வராது).

விண்டோஸ் போட்டதும் முதல்ல அப்டேட் முழுக்க முடிங்க, ஃபைல் எக்ஸ்டென்ஷனை (ஃபைல் பேர்ல கடைசி புள்ளிக்கு அப்புறம் வர்ற எழுத்து) காட்டற ஆப்ஷனை ஆன் பண்ணுங்க, இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப் டாட் எக்ஸிஇன்னு வர்றது அப்பதான் கண்ணுல படும். பசங்களுக்கு தனியா அட்மின் இல்லாத ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் போட்டு, அட்மின் பாஸ்வேர்டை நீங்க வச்சுக்கோங்க. விண்டோஸ் செக்யூரிட்டியில ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் போய் ரெப்யூடேஷன் சம்பந்தப்பட்ட செட்டிங் எல்லாத்தையும் ஆன் பண்ணுங்க, தேவையில்லாத ஆப்பை தடுக்கறது உள்பட. இதெல்லாம் முடிஞ்சப்புறம் பேக்கப் டிஸ்க்கை சொருகி, எந்த ஃபைலையும் திறக்கறதுக்கு முன்னாடி டிஸ்க் மேல ரைட் க்ளிக் பண்ணி டிஃபெண்டர் ஸ்கேன் போடுங்க, அது முடிஞ்சு சுத்தம்னு வந்ததும் காப்பி பண்ணிக்கலாம்.